துணை ஆய்வு வளாகம் அமைப்பது எப்படி? பல்கலைக்கழகம், உள்ளாட்சி, தொழில்துறைக்கான முழு வழிகாட்டி

பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகத்திலிருந்து விலகி, ஒரு பிரச்சினை இருக்கும் ஊரிலேயே போய் உட்கார்ந்து ஆய்வு செய்யும் சிறு வளாகத்தைத்தான் இங்கே துணை ஆய்வு வளாகம் என்கிறோம். வகுப்பு நடத்தும் விரிவாக்க மையமோ, நிறுவனங்களுக்கு இடம் வாடகைக்கு விடும் பூங்காவோ இதில் சேராது. நமக்கு இது புதிதும் அல்ல. வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டையில் இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையம் இந்த வகைதான். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் அப்படியே. அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், சென்னை ஐஐடி தையூரில் 163 ஏக்கரில் அமைத்துவரும் வளாகம்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் பெரிய பிழை ஒன்றே. முதலில் கட்டடம் கட்டுகிறார்கள். அடிக்கல், திறப்பு விழா, கல்வெட்டு எல்லாம் முடிந்தபின், கருவியை இயக்க ஆள் இல்லை, மின்கட்டணம் கட்ட வரவுசெலவுத் தலைப்பு இல்லை என்று தெரியவருகிறது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசை தலைகீழ்: கேள்வி, ஆள், ஆண்டுச் செலவு, ஒப்பந்தம், இடம், கருவி. கட்டடம் கடைசி. பல வேளைகளில் அது தேவையே படாது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் திருப்பூரைக் களமாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் திட்டமும் ரூபாய்க் கணக்கும் கற்பனையானவை, பிரச்சினை உண்மையானது.

படி 1: கேள்வியைத் தேர்ந்தெடுத்தல்

நல்ல கேள்விக்கு மூன்று அடையாளங்கள். அதற்காக யாரோ ஏற்கெனவே பணம் இழந்துகொண்டிருக்க வேண்டும். அந்த ஊரில் இருந்தால்தான் விடை காண முடியும் என்ற நிலை வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் ஒரு பாதி விடையாவது கிடைக்க வேண்டும். "ஜவுளித் துறையில் நீடித்த வளர்ச்சி" என்பது கேள்வி அல்ல. பதாகையில் எழுதும் வாசகம்.

திருப்பூரில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின் கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற ஏற்பாட்டோடுதான் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. நீரைச் சவ்வூடு வடித்து, மிஞ்சுவதை ஆவியாக்கினால் கடைசியில் கலவை உப்பு தங்கிவிடுகிறது. சோடியம் குளோரைடும் சோடியம் சல்பேட்டும் கலந்து, சாயத்தின் மிச்சமும் கொஞ்சம் கடினத்தன்மையும் சிலிக்காவும் ஒட்டிக்கொண்டிருக்கும் உப்பு. அதை மறுபடி சாயத்தொட்டியில் போட முடியாது, வெளியே கொட்டவும் முடியாது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்க வேண்டியதுதான்.

இங்கே கேள்வி தெளிவு: இந்தக் கலவையிலிருந்து சல்பேட்டையும் குளோரைடையும் மறுபடி சாயமேற்றப் பயன்படும் தூய்மையில், கட்டுப்படியாகும் செலவில் பிரிக்க முடியுமா? அடிப்படை வேதியியல் பாடநூலில் இருக்கிறது. சோடியம் சல்பேட்டின் கரைதிறன் 32.4 டிகிரியில் உச்சம்; குளிரவைத்தால் சடசடவென்று இறங்கி, பத்து நீர் மூலக்கூறோடு படிகமாகும். சோடியம் குளோரைடோ வெப்பநிலை மாறினாலும் ஏறத்தாழ அதே அளவு கரைந்திருக்கும். ஆகவே குளிர்வித்துப் பிரிக்கலாம். சிக்கல் எங்கே என்றால், கலவை நாளுக்கு நாள் மாறுகிறது. டார்க் ஷேடு ஓடும் நாளில் லிட்டருக்கு 80 கிராமுக்கு மேல் உப்புப் போடும் பட்டறை, லைட் ஷேடுக்கு அதில் சிறு பங்குதான் போடும். எந்தப் பட்டறை எந்த உப்பை வாங்குகிறது என்பதும் சேர்ந்துகொள்ளும். சென்னையில் உட்கார்ந்து ஒரு கேன் மாதிரியை வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது.

மாதிரியின் ஆயுளும் ஒரு காரணம். உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை (நீரிலுள்ள கழிவை நுண்ணுயிர்கள் சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) அளக்க மாதிரியை 4 டிகிரியில் வைத்து 48 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்க வேண்டும். வேதி ஆக்சிஜன் தேவைக்கென்றால் கந்தக அமிலம் விட்டு, பிஎச் எனும் அமில-கார அளவை 2க்குக் கீழே கொண்டுவந்தால் 28 நாள் தாங்கும். உலோகங்களுக்கு நைட்ரிக் அமிலம். அது ஆறு மாதம் தாங்கும். பிஎச், வெப்பநிலை இரண்டையும் அந்த இடத்திலேயே அளக்க வேண்டும். பேருந்தில் ஏற்றி அனுப்பிய கேனில் பிஎச் அளந்து எழுதிய அறிக்கையைச் சாயப்பட்டறை மேலாளர் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார். அதோடு அவருக்கு உங்கள்மேல் இருந்த மதிப்பும் போய்விடும்.

கேள்வியை ஒரே பக்கத்தில் எழுதி, சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துவோரில் நான்கு பேரிடம் கொடுங்கள். "இதற்கு விடை கிடைத்தால் ஆண்டுக்கு எவ்வளவு மிச்சமாகும்?" என்று மட்டும் கேளுங்கள். நால்வரும் தொகை சொன்னால் கேள்வி சரி. "நல்ல முயற்சி சார்" என்று பதில் வந்தால் வேறு கேள்வி தேடுங்கள்.

படி 2: ஊரில் தங்கும் ஆள்

வியாழக்கிழமை மட்டும் வந்துபோகும் பேராசிரியரை நம்பி வளாகம் நடத்த முடியாது. வாரத்துக்கு ஐந்து நாள் அங்கே இருக்கும் முனைவர் பட்டம் பெற்ற விஞ்ஞானி ஒருவர், கருவி இயக்குநர் இருவர், பட்டறைகளோடு பேசும் தொடர்பு அலுவலர் ஒருவர், கணக்கர் ஒருவர். இந்த ஐந்து பேருக்குக் குறைந்தால் அது வளாகம் ஆகாது, பூட்டிய அறைதான்.

தொடர்பு அலுவலர் பதவியைத்தான் எல்லோரும் வெட்டுகிறார்கள். வெட்டக் கூடாதது அதுவே. பட்டறையில் பத்து ஆண்டு வேலைபார்த்த, பாய்லரும் பம்பும் தெரிந்த டிப்ளமாக்காரர் போதும். மாதிரி எடுக்க அனுமதி வாங்குவது, "நேற்று ராத்திரி ஷிப்டில் என்ன ஓடியது?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, அறிக்கையைப் பட்டறை மொழியில் விளக்குவது எல்லாம் அவர் வேலை.

விஞ்ஞானி பக்கம் வேறு சிக்கல். பதவி உயர்வு கட்டுரைகளை எண்ணித்தான் வருகிறது. கலவை உப்போடு மூன்று ஆண்டு போராடியவர், தலைமை வளாகத்தில் உட்கார்ந்து கட்டுரை எழுதியவரைவிடப் பின்தங்கிவிடுவார். ஆகவே துணை வளாகப் பணியையும் காப்புரிமையையும் ஆலோசனைத் திட்டங்களையும் பதவி உயர்வில் எப்படி எண்ணுவது என்று பல்கலைக்கழக ஆட்சிக்குழுவான சிண்டிகேட்டில் தீர்மானம் போட்டுவிட்டுப் பிறகு ஆள் எடுங்கள். தலைமை வளாகத்துக்குத் திரும்பும் உரிமையும் அதில் இருக்கட்டும். இல்லையென்றால் நல்லவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

படி 3: ஆண்டுச் செலவுக் கணக்கு

கரைந்த அயனிகளைப் பிரித்தளக்கும் அயன் குரோமடோகிராப், உலோகங்களை அளக்கும் ஐசிபி-ஓஇஎஸ், மொத்தக் கரிமக் கார்பன் அளவி, சிறு கருவிகள், 200 லிட்டர் குளிர்விப்புப் படிகக்கலன் எல்லாம் சேர்த்து 1.5 கோடி ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய கட்டடத்தைச் சீர்செய்ய 40 லட்சம். இதற்கு நிதி கேட்பது எளிது, கிடைக்கவும் கிடைக்கும். கடினமான பகுதி இனிமேல்தான்.

சம்பளம்: விஞ்ஞானி மாதம் 1 லட்சம், இயக்குநர்கள் தலா 35 ஆயிரம், தொடர்பு அலுவலர் 50 ஆயிரம், கணக்கர் 25 ஆயிரம். ஆண்டுக்கு 29.4 லட்சம். மின்சாரம் மாதம் 60 ஆயிரம், ஆண்டுக்கு 7.2 லட்சம். வேதிப்பொருள், தரக்கரைசல்கள் 8 லட்சம். கருவிப் பராமரிப்பு ஒப்பந்தம், விலையில் 7 விழுக்காடு என்றால் 10.5 லட்சம். பயணம், சில்லறை 5 லட்சம்.

ஆர்கான் வாயுவை மறந்துவிடாதீர்கள். ஐசிபி நிமிடத்துக்கு ஏறத்தாழ 18 லிட்டர் ஆர்கான் குடிக்கும். 7 கனமீட்டர் சிலிண்டரில் 7,000 லிட்டர். வகுத்துப் பார்த்தால் ஆறரை மணி நேரம். அதாவது ஒரு வேலைநாளுக்கு ஒரு சிலிண்டர். வாரம் மூன்று நாள் ஓட்டினால் ஆண்டுக்கு 150 சிலிண்டருக்கு மேல். தலா 2,500 ரூபாய் என்றாலும் 3.75 லட்சம். திட்ட அறிக்கையில் "வாயுக்கள்" என்று ஒரு வரி எழுதி 50 ஆயிரம் ஒதுக்கியவர்கள் நான்காம் மாதம் கருவியை மூடிவைப்பார்கள்.

கூட்டினால் ஆண்டுக்கு 64 லட்சம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மூன்று ஆண்டுச் செலவு 1.9 கோடி, கருவிகளின் விலையைவிட அதிகம். இந்த ஒரு எண்ணைத் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

வரவு எங்கிருந்து? நிலையங்கள் 18 என்று கொள்வோம். ஒவ்வொன்றும் வாரம் நான்கு மாதிரி தந்தால் மாதம் 300. மாதிரிக்கு 800 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 28.8 லட்சம். ஒவ்வொரு நிலையமும் உறுப்பினர் கட்டணமாக 1.5 லட்சம் தந்தால் 27 லட்சம். இடத்தையும் மின்கட்டணத்தையும் மாநகராட்சி ஏற்றால் 7.2 லட்சம். மொத்தம் 63 லட்சம். கிட்டத்தட்டக் கட்டிவிட்டது. ஆனால் முதலாண்டில் மாதிரிகளில் மூன்றில் ஒரு பங்குதான் வரும், வரவு 43.8 லட்சத்தில் நிற்கும். உத்தரவாதக் காலம் என்பதால் பராமரிப்புச் செலவு இல்லை, அப்படியும் 9.5 லட்சம் துண்டு விழும். தொடக்கத்திலேயே 25 லட்சம் இருப்புநிதி வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

வரி விவரம் சில. 2022 ஜூலைக்கு முன் பல்கலைக்கழக ஆய்வுக் கருவிகளுக்கு 5 விழுக்காடு மட்டுமே ஜிஎஸ்டி என்ற சலுகை இருந்தது, அது நீக்கப்பட்டது. பழைய திட்ட அறிக்கையைத் தூசிதட்டி விலையை மட்டும் மாற்றினால் வரியில் துண்டு விழும். மறுபக்கம், 2024 செப்டம்பர் ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்துக்குப் பிறகு, அரசு அமைப்புகளும் 1961ஆம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 35ஆம் பிரிவில் அறிவிக்கப்பட்ட பல்கலைக்கழகங்களும் மானியத்தில் செய்யும் ஆய்வுப் பணிக்கு வரிவிலக்கு உண்டு. மாதிரிச் சோதனைக் கட்டணம் மானியம் ஆகாது. அதற்கு வரி உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பாதீர்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பொறுத்தவரை, கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அரசு நிதி பெறும் பல்கலைக்கழக ஆய்வு இடம்பெற்றிருக்கிறது. ஆனால் அந்தப் பணம் தந்த நிறுவனம் பதிலுக்குக் காப்புரிமையோ முன்னுரிமையோ கேட்டால், அது நன்கொடை ஆகாது, வணிகம் ஆகிவிடும்.

உள்ளாட்சி எதற்கு?

இடம் தருவதோடு அதன் வேலை முடிந்தது என்று நினைப்பது தவறு. ஜப்பானின் யமகதா மாகாணத்தில் ட்சுருவோகா என்ற நகரம், நெல்வயல்கள் சூழ்ந்தது. 2001இல் கெய்யோ பல்கலைக்கழகம் அங்கே உயிரியல் ஆய்வு வளாகம் தொடங்கியது. மாகாணமும் நகராட்சியும் கட்டடத்தோடு நிற்காமல் ஆய்வு நடத்தும் செலவுக்கும் தொடர்ந்து பணம் தந்தன. உயிரணுக்களின் வேதிமாற்றத்தில் உண்டாகும் வளர்சிதைப் பொருள்களை அளக்கும் ஒரே துறையைப் பிடித்துக்கொண்டார்கள். 2003இல் அங்கிருந்து முதல் நிறுவனம், ஹியூமன் மெட்டபோலோம் டெக்னாலஜீஸ், பிறந்தது. செயற்கைப் புரத இழை செய்யும் ஸ்பைபர் 2007இல். முதல் நிறுவனம் பங்குச்சந்தைக்கு வந்தது 2013இல்தான். வளாகம் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டு. இடையில் எத்தனை உள்ளாட்சித் தேர்தல் வந்திருக்கும்! பொறுமையோடு பணம் தந்த நகராட்சிக்கு வேறொன்றும் கிடைத்தது: ஊர்மக்கள் ஏறத்தாழ 11,000 பேர் பங்கேற்கும் நீண்டகால உடல்நல ஆய்வு. நகராட்சி இல்லாமல் எந்தப் பல்கலைக்கழகத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

நம் மாநகராட்சிகளுக்கு அவ்வளவு நிதிச் சுதந்திரம் கிடையாது. ஒப்பிட்டு ஏங்குவதில் பயனில்லை. ஆனால் அவற்றிடம் தரவு இருக்கிறது, கழிவுநீர்க் குழாய் வரைபடம் இருக்கிறது, ஆளில்லாத கட்டடங்கள் இருக்கின்றன. கேட்க வேண்டியவை இவை.

படி 4: சட்ட வடிவம்

நான்கு வழிகள் உண்டு. பல்கலைக்கழகத்தின் துறையாகவே நடத்தலாம். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் சங்கமாகப் பதியலாம். கம்பெனிச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் இலாபநோக்கற்ற நிறுவனம் அமைக்கலாம். ஐஐடி சென்னை ஆய்வுப் பூங்கா அந்த வடிவம்தான். அல்லது, புது அமைப்பு எதுவும் இல்லாமல் முத்தரப்பு ஒப்பந்தத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் மூன்று ஆண்டுக்கு முதல் வழியும் நான்காம் வழியும் சேர்ந்தால் போதும். 8ஆம் பிரிவு நிறுவனம் தொடங்கினால் ஆண்டுத் தணிக்கை, இயக்குநர் கூட்டம், படிவங்கள் என்று, ஐந்து பேர் கொண்ட வளாகத்தில் ஒருவரின் நேரத்தை அதுவே தின்றுவிடும். வெளிவருமானம் ஆண்டுக்கு ஒரு கோடியைத் தாண்டும்போது யோசியுங்கள்.

மாநிலப் பல்கலைக்கழகம் என்றால் அதன் சட்டம் எந்த மாவட்டங்களைக் கொடுத்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். மாநில எல்லைக்கு வெளியே போக முடியாது என்பது 2005ஆம் ஆண்டு யஷ்பால் வழக்குத் தீர்ப்பிலேயே தெளிவாகிவிட்டது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) தனி விதிகள் உண்டு. பட்டம் எதுவும் வழங்கவில்லை, ஆய்வு மட்டுமே என்று தீர்மானத்தில் எழுதினால் பாதிச் சிக்கல் தீரும்.

படி 5: ஒப்பந்தம்

புரிந்துணர்வு ஒப்பந்தம் புகைப்படத்துக்கு. வேலை நடக்க முத்தரப்பு ஒப்பந்தம் வேண்டும். கையெழுத்திடுவது பதிவாளர், மாநகராட்சி ஆணையர், சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் செயலாளர். பேராசிரியர் கையெழுத்திட்ட தாள் பல்கலைக்கழகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆணையர் மாறுவார், துணைவேந்தர் நாற்காலி சில வேளை மாதக்கணக்கில் காலியாகவே கிடக்கும். எல்லா இடத்திலும் பெயர் போடாமல் பதவியைப் போடுங்கள். மாநகராட்சி ஏற்கும் மின்கட்டணத்துக்கு மாமன்றத் தீர்மான எண்ணும் வரவுசெலவுத் தலைப்பும் இணைப்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளாட்சித் தணிக்கையில் தடை எழுதுவார்கள், அடுத்த மாதம் பணம் நின்றுவிடும்.

நேரம் எடுத்துப் பேச வேண்டிய பிரிவுகள் மூன்று.

ஒன்று, அறிவுசார் உரிமை. இரு தரப்புக்கும் கூட்டாகக் காப்புரிமை என்று எழுதிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை ஒரு கூட்டு உரிமையாளர் மற்றவரின் இசைவின்றி வேறு யாருக்கும் உரிமம் தர முடியாது. உரிமையாளர் சங்கம் முரண்டுபிடித்தால் பல்கலைக்கழகத்தின் கையும் கட்டப்பட்டுவிடும். மாற்று: உரிமை பல்கலைக்கழகத்துக்கு, பணம் தந்த நிலையங்களுக்குக் கட்டணமில்லாப் பயன்பாட்டு உரிமம், வெளியாருக்கு விற்றால் வரும் தொகையில் பங்கு. ஆய்வுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் இருந்த தொழில்நுட்பத்தைப் பட்டியலிட்டு இணையுங்கள். பிறகு "இது எங்கள் தாத்தா காலத்து முறை" என்ற வழக்கு வராது.

கருத்தரங்கில் பேசுவதற்கு முன் காப்புரிமைக்குத் தற்காலிக விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கல்வி நிறுவனங்களுக்கு 2021 முதல் கட்டணத்தில் 80 விழுக்காடு சலுகை. இணையவழி 1,600 ரூபாய்தான். முழு விண்ணப்பத்துக்கு 12 மாதம் அவகாசம். நிறுவனம் கட்டுரையைப் படித்துப் பார்க்க 60 நாள் கொடுங்கள், அதற்குமேல் வேண்டாம். மாணவரின் ஆய்வேட்டை யாரும் நிறுத்திவைக்கக் கூடாது என்று தனி வரியாக எழுதுங்கள்.

இரண்டு, கசப்பான கேள்வி. ஒரு நிலையத்தின் மாதிரியில் விதிமீறல் தெரிந்தால் என்ன செய்வது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் சொன்னால் மறுநாள் யாரும் மாதிரி தரமாட்டார்கள். மறைத்தால் பல்கலைக்கழகத்தின் பெயர் போகும். நடைமுறையில் வேலை செய்யும் ஏற்பாடு இது: ஆய்வு மாதிரிகளுக்குக் குறியீட்டு எண் மட்டும், எந்த எண் யாருடையது என்ற பேரேடு விஞ்ஞானியிடம் பூட்டிய அலமாரியில். முடிவு முதலில் அந்த நிலையத்துக்கே போகும். பொது அறிக்கையில் பெயரின்றித் தொகுத்த எண்கள். நீதிமன்றமோ வாரியமோ சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும், அதையும் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். முதல்நாளே தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். மூன்றாம் ஆண்டில் தெரிந்தால் மாட்டார்கள்.

மூன்று, தொழில்துறை உண்மையில் பங்கேற்க வைப்பது. பணம் கட்டிவிட்டு வராமலே இருப்பார்கள். ஐஐடி ஆய்வுப் பூங்காவில் இதற்கொரு நல்ல உத்தி உண்டு: அங்கே இடம் எடுக்கும் நிறுவனம், மாணவருக்குப் பயிற்சி தருவது, கூட்டு ஆய்வு, ஆலோசனைத் திட்டம் போன்றவற்றால் புள்ளிகள் சேர்க்க வேண்டும், சேர்க்காமல் உட்கார்ந்திருக்க முடியாது. அதைச் சிறிதாக்கிக் கொள்ளலாம். ஆண்டுக்கு 1.5 லட்சம் கட்டும் நிலையம், தன் பொறியாளரை மாதம் ஒரு நாள் அனுப்பினால், ஓட்டப் பதிவேட்டைப் பகிர்ந்தால், படிகக்கலனுக்கு இடமும் நீராவியும் தந்தால், அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் 50 ஆயிரம் வரை கழிவு. தள்ளுபடி என்றால் எந்தக் கணக்கரும் விழித்துக்கொள்வார்.

படி 6: இடம்

மாநகராட்சியின் பழைய பள்ளிக் கட்டடமோ மண்டல அலுவலகமோ 4,000 சதுர அடி கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். தரைத்தளமே வேண்டும், கருவி எடை, அதிர்வு, சிலிண்டர் இறக்குவது மூன்றுக்கும் அதுதான் வசதி. குத்தகை ஓராண்டுக்கு மேல் என்றால் பதிவு கட்டாயம். பதியாத குத்தகையை நம்பி 40 லட்சம் செலவழித்துவிட்டுப் புதிய ஆணையரிடம் போய் நிற்காதீர்கள்.

நிலம்தான் தருகிறார்கள் என்றால், நிலத்தின் வகையைக் காட்டும் ஏ-பதிவேடு, புலப்பட வரைபடம், வில்லங்கச் சான்று மூன்றையும் நீங்களே பாருங்கள். நீர்நிலைப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு என்று ஒரு எழுத்து இருந்தாலும் விலகிவிடுங்கள். பொதுப் பயன்பாட்டு நிலங்களைப் பற்றி 2011இல் உச்ச நீதிமன்றம் ஜக்பால் சிங் வழக்கில் கடுமையாகச் சொன்ன பிறகு, அந்த வகை நிலத்தில் எழும் கட்டடம் எப்போதும் வழக்கின் நிழலில்தான். நில நுழைவு அனுமதி கிடைத்ததை நில உரிமை மாற்றம் கிடைத்ததாக எண்ணிக் கட்டத் தொடங்குவது இன்னொரு பழகிய தவறு.

நிலத்தோடு பணத்தையும் கேட்கலாம், அதற்கு முன்மாதிரி காரைக்குடியில் இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலத்தோடு 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். அது 1948இன் 15 லட்சம்.

படிகக்கலன் சோதனைக்கூடத்தில் வேண்டாம். சுத்திகரிப்பு நிலையத்திலேயே, ஆவியாக்கும் கொதிகலன் வரிசைக்கு அருகில் வையுங்கள். சூடான செறிவுநீர் (உப்பு மிகுந்த மிச்சநீர்) அங்கேதான் கிடைக்கும். தொட்டி லாரியில் கொண்டுவந்தால் வழியிலேயே குளிர்ந்து உப்பு படிந்து குழாய் அடைத்துக்கொள்ளும். கலவை உப்பு அபாயகரக் கழிவு வகையில் இருப்பதால், 2016ஆம் ஆண்டு விதிகளின் 9ஆம் விதிப்படி அதை மறுபயன்பாட்டுக்கு எடுக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்தை ஒப்பந்தம் கையெழுத்தான வாரமே போடுங்கள். கருவி வந்தபின் போட்டால் கலன் சும்மா கிடக்கும்.

படி 7: கருவி வாங்குதல்

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி போக வேண்டும். விவரக்குறிப்பில் ஒரே நிறுவனத்தின் விளம்பரத்தாளைப் பிரதியெடுத்தால் எதிர்த்தரப்பு மேல்முறையீடு செய்யும். ஆறு மாதம் போச்சு. கருவியின் மாடல் எண்ணை எழுதாமல், நீங்கள் சோதிக்கப்போகும் நீர் மாதிரியை எழுதுங்கள்: "லிட்டருக்கு 50 கிராம் கரைந்த உப்பு உள்ள நீரில், நீர்த்தபின், கால்சியத்தை இவ்வளவு துல்லியமாக அளந்து காட்ட வேண்டும்." கடைசிப் பரிசோதனையை உங்கள் செறிவுநீரிலேயே நடத்திக் காட்டினால்தான் இறுதித் தவணை.

உப்பு அதிகமான நீர் ஐசிபிக்குப் பகை. சோடியம் குவார்ட்சுச் சுடர்க்குழாயை வெளுக்கவைத்து நொறுக்கும், தெளிப்பானின் நுனியில் படிந்து அடைக்கும். நூறு மடங்காவது நீர்த்துங்கள். ஆர்கானை ஈரமாக்கும் துணைக்கருவியைச் சேர்த்தே வாங்குங்கள், இரண்டு சுடர்க்குழாய் உபரியாக வையுங்கள். ஒன்று உடைந்து இறக்குமதிக்குக் காத்திருக்கும் நேரத்தில் 300 மாதிரிகள் தேங்கிவிடும்.

வாங்கும் ஆணை போடும் முன் அறை தயாராக இருக்க வேண்டும்: தனி மண்ணிணைப்பு (நியூட்ரலுக்கும் மண்ணுக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது), யுபிஎஸ், சுடருக்கு மேல் புகைபோக்கி, வாயுக்குழாய், சுற்றுநீர்க் குளிர்விப்பான், 22 டிகிரியில் நிற்கும் குளிர்சாதனம். உத்தரவாதம் கப்பலில் ஏற்றிய நாளிலிருந்தா, இயக்கிக் காட்டிய நாளிலிருந்தா என்று எழுத்தில் வாங்குங்கள். பெட்டியைப் பிரிக்காமலே ஓராண்டு உத்தரவாதம் கரைந்துபோன கருவிகள் நம் பல்கலைக்கழகங்களில் கொஞ்சமல்ல.

படி 8: முதல் ஆண்டு

முதல் மூன்று மாதம் ஆய்வே வேண்டாம். வழக்கமான சோதனைகளை மட்டும் செய்து, மூன்று வேலைநாளுக்குள் அறிக்கை கொடுங்கள். சொன்ன நாளில் அறிக்கை வந்தால்தான் பட்டறைக்காரர் அடுத்த கதவைத் திறப்பார். கூடவே சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரத்துக்கான ஆவணங்களை முதல் நாளிலிருந்தே எழுதுங்கள். அங்கீகாரம் இல்லாத ஆய்வகத்தின் எண்ணை எந்த அலுவலகமும் எடுத்துக்கொள்ளாது. பத்து மாதிரிக்கு ஒன்றை இருமுறை அளப்பது, மாதம் ஒருமுறை நான்கு மாதிரிகளை வேறொரு அங்கீகரித்த ஆய்வகத்துக்கும் அனுப்பி ஒப்பிடுவது, இவ்விரண்டும் பெரும்பாலான தகராறுகளைத் தொடக்கத்திலேயே அடக்கிவிடும்.

வழிநடத்தும் குழு ஏழு பேருக்கு மேல் வேண்டாம்: பல்கலைக்கழகம் இருவர், மாநகராட்சி இருவர் (ஒருவர் பொறியாளர்), நிலையங்கள் இருவர், வெளியிலிருந்து ஒரு நிபுணர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், கூட்டம் சுத்திகரிப்பு நிலையத்தில். கூட்டக் குறிப்பு ஏழு நாளில் எல்லோர் கைக்கும் போக வேண்டும். ஆணையர் மாற்றலாகிப் போனால், புதியவர் பொறுப்பேற்ற இரண்டாம் வாரம் நான்கு பக்கக் குறிப்போடு நேரில் போய்ப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் உங்கள் கோப்பு அவருக்கு யாரோ விட்டுச்சென்ற தலைவலி.

படி 9: மூன்றாம் ஆண்டு முடிவு

தொடர்வதா, மூடுவதா என்ற அளவுகோலை முதல்நாளே எழுதிவையுங்கள். எத்தனை கட்டுரை என்பதை விட்டுவிடுங்கள். பணம் கட்டும் நிலையங்கள் குறைந்தது பன்னிரண்டு இருக்கின்றனவா? செலவில் பாதியாவது வெளிவருமானத்தில் வருகிறதா? பிரித்தெடுத்த சல்பேட்டை ஒரு பட்டறையாவது தன் தொட்டியில் போட்டு, ஷேடு மாறாமல் துணி எடுத்திருக்கிறதா? மூன்றில் இரண்டுக்கு ஆம் என்றால் தொடருங்கள். ஒன்றுதான் என்றால் ஓராண்டு அவகாசம். ஒன்றுமில்லை என்றால் மூடுங்கள்.

மூடுவதற்கும் முறை உண்டு. அரசு மானியத்தில் வாங்கிய கருவியை மானியம் தந்த துறையின் முன் அனுமதியின்றி விற்கவோ மாற்றவோ முடியாது. ஆகவே அது எந்த வளாகத்துக்குப் போகும் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். முனைவர் பட்ட மாணவர் யாராவது நடுவில் இருந்தால் அவருக்குத் தலைமை வளாகத்தில் இடமும், மாதிரி எடுக்க இன்னும் ஓராண்டு அனுமதியும். மிஞ்சிய வேதிப்பொருள்களை அங்கீகரிக்கப்பட்ட கழிவு அகற்றும் நிலையத்துக்கு அனுப்பி ரசீது வாங்குங்கள். குறியீட்டு எண்களின் பேரேட்டை மாநகராட்சிக் கட்டடத்தில் விட்டுவிட்டு வராதீர்கள். பதிவாளரிடம் உறையிட்டு ஒப்படையுங்கள். சாவியைக் கொடுக்கும்போது மின்மீட்டர் அளவைக் குறித்து இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.